உடனடியாக

டாஷ்போர்டில் பேட்டரிப் படம்
ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரமே சிவந்துவிட்டது.
பார்க்கப் பிடிக்காமல்
சாந்தகுமாரியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை
அதன்மேல் ஒட்டிவிட்டு ஓட்டினேன்.
இரண்டு நாள் புடவைத் தள்ளுபடி,
ஒரு நாள் சொத்து வரி,
அப்புறம் அளக்குடியில் காணாமல்போன ஒரு சினைமாடு.
ஆம்னியின் தலையில் இரண்டு குழாய்கள்.
அவை எவ்வளவு குடிக்கும் என்று
ஒருநாளும் நான் கணக்குப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசில்
கையில் ஒரு தாளைத் திணித்தார்கள்.
கொள்ளிடத்தில் லட்சத்துச் சொச்சம் கனஅடி.
வானத்தில் ஒரு மேகம் கிடையாது.
குடகில் பெய்வது எங்களுக்கு
வெயிலில்தான் வந்து சேரும்.
பதிவு செய்ய நேரமில்லை,
வாயாலேயே சொல்லிக்கொண்டு போனேன்.
நாதல்படுகைக்குள் திரும்பும்போது
ஆம்ப்ளிஃபயர் முள் படுத்துப் படுத்து எழுந்தது.

"கரையோர மக்கள் உடனடியாக"
என்றேன்.
அத்தோடு சரி.
குழாய் இல்லை, எஞ்சின் இல்லை,
வாய் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது.

முருங்கை நிழலில் வெங்காயம் உரித்த பெண்
முறத்தோடு எழுந்து வந்தாள்.
"உடனடியா? உடனடியா என்னங்க?"

இறங்கி வீடு வீடாகப் போனேன்.
எட்டு வருஷம் ஊருக்கே பேசியவனுக்கு
ஒரு படல் முன்னால் நின்று
ஒருத்தியிடம் பேசத் தெரியவில்லை.
"மேடான பகுதிக்குச் செல்லுமாறு
கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்றேன்,
ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்திருந்தவளிடம்.
அவள் சிரித்தாள். எனக்குக் கூசிற்று.
"பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க,
ராத்திரி தண்ணி ஏறிடும்."

வடிந்த பிறகு டிராக்டர் இழுத்துவந்தது,
சீர்காழிக்கு, பர்னபாஸ் கடைக்கு.
ஆல்டர்னேட்டரைப் பிரித்தான்.
கார்பன் பிரஷ் ஓர் அரிசி அளவு மிச்சம்.
காயில் வார்னிஷ் எரிந்த நாற்றம்.
"பேட்டரி குளம்னு வச்சுக்குங்க, இது வாய்க்கா..."
"விளங்குது, விலையைச் சொல்லு."

வெள்ளிப் பெயின்ட் அடித்த ஒன்றை நீட்டினான்,
ரீகண்டிஷன், மூவாயிரத்து இருநூறு.
காதோரம் வைத்துச் சுற்றினேன்.
பேரிங்கில் மணல் நடக்கிற சத்தம்.
இன்னொன்று ஆயிரத்து ஐந்நூறுதானாம்,
எடுத்துத் துடைத்தவன்
அவனாகவே திரும்ப வைத்துவிட்டான்.
"போன தடவை தண்ணியில கிடந்த கார்ல கழட்டுனது. வேணாம்."

"எவ்வளவு வேகத்துல ஓட்டுவீங்க?"
"நடக்கிறவன் முந்திப் போவான்."
"அதான் வியாதி. மெதுவா சுத்துனா இதுல கரண்ட் ஊறாது.
குழாய் ரெண்டும் பேட்டரியைத்தான் உறிஞ்சியிருக்கு."
முப்பத்தைந்து ஆம்ப் உங்களுக்கு ஆகாது,
அறுபத்தைந்து போடுங்கள்,
சும்மா நிற்கும்போதே பதினாலு வோல்ட் காட்டும் என்றான்.
புதுசு. ஒன்பதாயிரத்து இருநூறு.
காது ஓட்டை பொருந்தாது, பிராக்கெட் வெல்டிங் தனி.

தாலுகா பணம் தீபாவளிக்குள் வந்தால் பெரிய விஷயம்.
சாந்தகுமாரிக்குப் போன் செய்தேன்.
குழுக் கடனில் எடுக்கலாம் என்றாள்,
பழசுக்கு எத்தனை கழிப்பான் என்றாள்.
செம்புக்கு நானூறு.
"ஐந்நூறு கேளுங்க."
கேட்டேன். நானூற்றைம்பது.

வெல்டிங் ஆறும்வரை டீ குடித்தோம்.
ஸ்டார்ட் செய்து மீட்டரை வைத்தான்:
பதினாலு புள்ளி ஒன்று.
குழாய் இரண்டையும் போடு என்றான்.
பதின்மூன்று புள்ளி எட்டு,
அங்கேயே நின்றது.
பொட்டைப் பிய்த்தேன். அடியில் ஒன்றும் எரியவில்லை.
பசை மட்டும் வட்டமாக.

அடுத்த வாரம் அதே படுகை.
சுவரெல்லாம் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு.
பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர்,
அதுதான் அன்றைய சரக்கு.
முருங்கையடிப் பெண் வெளியே வந்தாள்.
வாங்குகிற முகமில்லை.
படலைப் பிடித்துக்கொண்டு,
நான் வாக்கியத்தை முடிக்கிற வரைக்கும் நின்றாள்.