செல்லாத ஓட்டு

பாலர் வகுப்பின் குட்டி மேசையில்
முழங்கால் இடிக்க இடிக்க
விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.
மைப்புட்டி. சீவிய பென்சில். வாக்காளர் பட்டியல்.
ஜன்னலுக்கு வெளியே, வேட்பாளர் யாரானாலும்
மேய்ந்துகொண்டிருக்கும் ஓர் ஆடு.

நாடே பதினைந்து தொகுதி.
எங்கள் தொகுதியில் தொள்ளாயிரம் பேர் தேறாது.
எல்லோருடைய பட்டப்பெயரும் எனக்குத் தெரியும்;
பட்டியலில் இருப்பதோ ஞானஸ்நானப் பெயர்.
"யூஸ்டஸ் ஃபிரெடரிக்?" என்று கூப்பிட்டால்
வெட்கத்தோடு எழுந்து வருகிறார் நண்டு.

டொரொண்டோவிலிருந்து நேற்றிரவு வந்திறங்கிய ஒன்பது பேர்
குளிர்காலச் சப்பாத்தோடு வரிசையில் வேர்க்கிறார்கள்.
விமானச் சீட்டு யார் காசு?
கேட்பது என் வேலையில்லை.

சிவப்புக்கு நிற்கும் வெர்லின் எனக்குச் சித்தி மகள்.
மஞ்சளுக்கு நிற்கும் கஸ்பார்
எனக்கு நாற்பது டாலர் பாக்கி.
பைபிளைத் தொட்ட கையால்
இருவரின் விரலையும் ஒரே புட்டியில் முக்கினேன்.

ஐந்து மணிக்குக் கதவடைத்தோம்.
பெட்டியைக் கவிழ்த்தபோது
மீன்கூடை கொட்டுகிற அதே சத்தம், ஈரம் மட்டும் இல்லை.
வானொலி சொன்னது: ஏழு, ஏழு.
முடிவு வராதது ஒரே தொகுதி.
அறையில் இருந்த யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வெர்லின்: முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
கஸ்பார்: முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

கடைசியாக ஒரு சீட்டு.
கட்டங்களில் குறி ஏதும் இல்லை.
இரண்டு பெயருக்கும் குறுக்கே, அழுத்தமாக:
ஆற்றுப்பாலம் எப்போது?

ஏஜெண்டுகள் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள்.
கேள்விக்குறியின் வால் சற்றே மஞ்சள் பக்கம் போகிறது என்றான் ஒருவன்.
புள்ளி சிவப்பில் விழுந்திருக்கிறது என்றாள் மற்றவள்.
"செல்லாது" என்று குத்தினேன்.

இருபத்திரண்டு வருடமாகத் தபால் நிலையத்தில் இருப்பவள் நான்.
இந்தத் தீவில் எழுதத் தெரிந்த எந்தக் கையும்
உறையின்மேல் எனக்குப் பழக்கம்.
பொதுப்பணி அமைச்சுக்கு
இந்தக் கை எழுதிய கடிதங்கள் பதினொன்று.
பதினொன்றிலும் முத்திரை குத்தியது நான்தான்.
பதில் என்று ஓர் உறைகூட
என் மேசையைக் கடந்ததில்லை.

யாரென்று சொல்லமாட்டேன்.
சொல்லக்கூடாது என்பதற்குத்தான் அந்தத் திரை, அந்த மடிப்பு.

நாளை நீதவான் முன்னால் மறுபடி எண்ணுவார்களாம்.
எல்லாவற்றையும் கட்டினேன், சிவப்புக் கட்டு, மஞ்சள் கட்டு,
அந்த ஒற்றைச் சீட்டுக்கென்று தனி உறை.

பெட்டியைப் படகுக்குத் தூக்கிப் போகையில்
வாதுமை மரத்தடியில், மைவிரலால் பைப் புகைத்தபடி,
ஒருவர் வழக்கம்போலக் கேட்டார்:
"போய்ச் சேருமா?"

அரக்கு இன்னும் சூடாக இருந்தது.
விரலை எடுத்துக்கொண்டேன்.