காலி எடை

காவேரிப்பட்டணம் தாண்டி
போச்சம்பள்ளிச் சாலையில் இருக்கிறது
நான் ராத்திரியில் சீட்டு எழுதும் எடைமேடை.
ஆனி மாதம், பெங்களூரா மாங்காய்.
கூழ் கம்பெனி வாசலில் தொடங்கி
புளியமரம் வரைக்கும் லாரிகள்.

பன்னிரண்டாம் வகுப்பில் கொடுத்த மடிக்கணினி
இன்னும் உழைக்கிறது.
மூடியில் அரசு முத்திரை பாதி தேய்ந்தாயிற்று.
பேட்டரி செத்து மூன்று வருஷம்,
வயரைப் பிடுங்கினால் மூச்சு நின்றுவிடும்.

அதற்குள் ஒரு கோட்டை.
அவசரமே இல்லாத விளையாட்டு,
சுடுவதில்லை, துரத்துவதில்லை.
தொப்பி போட்ட ஒருத்தி
அறை அறையாய்ப் போய்
கண்ணில் பட்டதையெல்லாம் பைக்குள் போடுகிறாள்:
துருச்சாவி, பாதி மெழுகுவத்தி,
எதற்கென்றே தெரியாமல் செத்த மீன் ஒன்று.
தப்பான இடத்தில் தப்பானதைக் காட்டினால்
"அது இங்கே உதவாது" என்கிறாள் இங்கிலீஷில்.
எனக்கு அது தமிழில்தான் கேட்கிறது,
எங்கள் சூப்பர்வைசர் குரலில்.

பதினோரு நாளாக ஒரே கதவு.
கதவுக்கு முன்னால் கல்தராசு,
இடது தட்டில் வெண்கலக் குடம்.
'எண்ணெய்க்கு நிகராக வை, திறக்கிறேன்' என்கிறது கதவு.
வாளை வைத்தேன், விளக்கை வைத்தேன்,
மீனையும் வைத்தேன்.
முள் நேராக நின்றது.
கதவு நின்ற இடத்திலேயே நின்றது.

திம்மராயன் வேப்பனப்பள்ளி லாரி.
என் வயசுதான் இருக்கும்.
மாங்காயைக் கொட்டிவிட்டு
காலி எடைக்கு மூன்று மணிக்குத் திரும்பி வந்தவர்
காகிதக் கோப்பை டீயோடு ஜன்னலில் சாய்ந்து
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"குடத்தோட சேத்து நிறுத்தினா
கம்பெனிக்காரன் ஒத்துப்பானா மேடம்?
காலி எடை எங்க?"

கை அப்படியே நின்றது.
ஆறு வருஷமாக
நிறை எடை, காலி எடை, சரக்கு எடை என்று
மூன்று கட்டத்தில் எழுதுகிறவள் நான்.

சமையலறையில் இன்னொரு குடம் இருந்தது,
அதே அச்சு, அதே கழுத்து.
ஒன்றுமில்லை என்று நான்தான் விட்டுவிட்டு வந்தேன்.
பதினான்கு அறை பின்னால் போக வேண்டும்.
தொப்பிக்காரி ஓட மாட்டாள், நடப்பாள்.
வெளியே ஹாரன் மேல் ஹாரன்.
திம்மராயன் வரிசையைப் பார்த்துக் கத்தினார்:
"இருய்யா, குடம் எடுக்கப் போயிருக்கு!"
யாருக்கு என்ன புரிந்ததோ, ஹாரன் அடங்கியது.

வலது தட்டில் காலிக் குடம்.
அதன் மேல் ஒவ்வொன்றாய்க் கல்.
ஐந்தாவது கல்லில்
கதவு ஒரு விரற்கடை விலகி
இடுக்கில் மஞ்சளாய் ஏதோ தெரிந்து
கரண்ட் போய்விட்டது.

மேடைக்கு இன்வெர்ட்டர் உண்டு.
சிவப்பு எண்கள் கண்கூட இமைக்கவில்லை.
என் மடியில் கறுப்புக் கண்ணாடி,
அதில் என் முகம்.
சேமிக்கவில்லை.
கடைசியாய்ச் சேமித்தது போன செவ்வாய்க்கிழமை,
மீன் கிடைப்பதற்கும் முன்னால்.

"உள்ள என்ன இருந்துச்சு?"
"வெளிச்சம் மாதிரி."
"மாதிரின்னா?"
செல்போன் வெளிச்சத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர்
ஏணிப்படியில் ஏறி நின்று சொன்னார்:
"நாளைக்கு பர்கூர் லோடு.
நாலு மணிக்குள்ள வந்துடறேன்.
அதுக்கு முந்தி திறந்துடாதீங்க."

இன்று இருபது நிமிஷத்தில் வந்துவிட்டேன்,
தெரிந்த வழிதானே.
மீன், குடம், நாலு கல் வைத்தாயிற்று.
முதல் வேலையாய்ச் சேமித்தும் விட்டேன்.
ஐந்தாவது கல் அம்புக்குறியில் தொங்குகிறது.
தொப்பிக்காரி கால் மாற்றி நிற்கிறாள்,
கொட்டாவி விடுகிறாள்,
விளையாட்டில் அப்படி ஒரு அசைவு இருப்பதே
இன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலு பத்து.
ஊத்தங்கரை வண்டி ஒன்று போனது,
அதற்கப்புறம் சாலை காலி.
மேடையிலும் யாரும் இல்லை,
ஆனால் எண் இருபது கிலோ என்கிறது.
எட்டிப் பார்த்தேன்.
நடுவில் சுருண்டு படுத்திருக்கிறது
கம்பெனி நாய்.