அரைப்பேர்

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப்
பேர் என்று சொல்வார்கள்.
நிறை சரியென்றால் ஒரு பேர்.
இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர்.
"இன்னைக்கு ஒனக்குப் பேர் விழுந்துச்சா?"
கொழுந்து மடுவத்திலிருந்து
இப்படிக் கேட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள்.

நான் கொழுந்தெடுப்பதில்லை.
ஏ.எல். முடித்துவிட்டு, மஸ்கெலியாப் பக்கத்து ஒபிஸ் ஒன்றில்
பழைய செக்ரோல்களைக் கொம்பியூட்டரில் ஏற்றுகிறேன்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.
பூச்சி அரித்த பக்கத்துக்கும் அதே காசு.

அறுபத்தெட்டு, ஆகஸ்ட், மேல் டிவிஷன்.
மூக்காயி: 1, 1, ½, 1, ½, 0.
அந்தச் சைபர் நாற்பத்திரண்டு நாளுக்கு நீள்கிறது.
முடிந்த காலையில் மறுபடி ½.
ஏனென்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஆணாளுக்கு ஒரு ரேட், பெண்ணாளுக்கு ஒரு ரேட்.
எண்பத்து நான்கில் இரண்டும் ஒன்றாகின்றன.
அதற்குப் பிறகும்
கவ்வாத்து வெட்டியவர்கள் பகலோடு லயத்துக்குத் திரும்ப,
அந்தி நிறுவைக்கு நின்றது யாரென்று
நேரத்தைப் பார்த்தால் தெரிகிறது.

கடைசி நிரலில் சம்பளம் வாங்கியவரின் கைநாட்டு.
எல்லாம் பெரிய கட்டைவிரல்கள்.
புருஷன், புருஷன், அப்பன், புருஷன்.
ஒரேயொரு பக்கத்தில் சின்ன விரல்.
அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் யாரோ,
"தானே வந்தாள்."

கழிவு வேறு.
கூடைக்கு, சாக்குக்கு, மழைத் தண்ணிக்கு.
அந்த ஆகஸ்டில் மட்டும்
அறுநூறு றாத்தல் தண்ணி என்று கழித்திருக்கிறார்கள்.
அவ்வளவும் ஸ்டோரில் தூளாகி,
கொழும்பில் ஏலம் போய்,
எங்கேயோ ஒரு கோப்பையில்
நல்ல விலைக்கு ஆவி பறந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை செவனம்மா வந்தார்.
முப்பத்தெட்டு வருஷத்து ஈ.பி.எஃப்.
மூன்றாம் தடவையாகத் திரும்பி வந்த படிவம்.
செக்ரோலில் செவனம்மா,
அடையாள அட்டையில் சிவனம்மா,
பிறப்புப் பதிவில் பாப்பா.
இவர்கள் மூன்று பேர் என்கிறது கொழும்பிலிருந்து வந்த கடிதம்.
வாசித்துச் சொன்னேன்.
"மூணு பேருன்னா
மூணு பேர் சம்பளமுல்ல குடுத்திருக்கணும்?"
பென்ஷன் வயசு தாண்டியும் கைக்காசுக்குப் போகிறவர்.
சிரிப்பை மறைத்த விரல்கள் கறுப்பாயிருந்தன.

மூத்த மகள் ரேணுகா கட்டுநாயக்கவில்.
அங்கே பேர் இல்லை, டார்கெட்.
மணிக்கு எண்பது கொலர்.
எழுபத்தொன்பது தைத்தால் அரைப்பேரா என்று கேட்டாளாம்,
சூப்பர்வைசருக்கு விளங்கவில்லையாம்.
இளையவளைப் பதினேழில் குவைத்துக்கு அனுப்பினார்கள்.
பாஸ்போட்டில் இருபத்துமூன்று.
அந்த வீட்டில் அவளை
முந்தி வேலை செய்தவளின் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம்.
புதுப்பேர் பழக நேரமில்லையாம் அவர்களுக்கு.
"திரும்பிப் பாக்குறாளாம், அதுக்கும்."
இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மேற்சொன்ன மூவரும் ஒருவரே என்று
ஒரு கடிதம் அடித்தேன்.
இரண்டு சாட்சி வேண்டும்.
அத்தாட்சிக்காகக் கொம்பியூட்டரில் அவரைத் தேடினேன்.
இதுவரை ஏற்றியதில் மட்டும்
நானூற்றுப் பன்னிரண்டு அரைப்பேர்.
கூட்டினால் இருநூற்றாறு முழுநாள்.
மற்ற இருநூற்றாறும் எங்கே என்று கேட்க
இந்த அட்டவணையில் நிரல் இல்லை.
ஒன்றைச் செருகினேன்.
தலைப்பு என்ன போடுவதென்று தெரியவில்லை.

இன்றைக்குப் பதினொரு பக்கம்.
என் வவுச்சரில் பேர் இருக்கவேண்டிய இடத்தில்
"கெசுவல் - 1" என்று இருந்தது.

பெஞ்சில் இருந்தவர் எழும்பி வந்து
திரையை எட்டிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது.
"என்ன புள்ள, காலியா கெடக்கு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"அப்பிடின்னா அதுல
அந்த மழைத் தண்ணியையும் போடு."