எஞ்சிய குளோரின்

வெருகலில் வெள்ளம் வடிந்து ஆறாம் நாள்.
மோட்டார் சைக்கிளில் கட்டியது:
முடிச்சிட்ட கயிறு, சின்னத் தராசு,
வெளிற்றும் தூள் ஒரு பீப்பாய்.
முப்பத்தொரு கிணறுகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பதினேழாவது தவமலருடையது.
சேறு, சுவரில் இடுப்புயரத்துக்கு
ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.
முருங்கையில் ஆருடையதோ பிளாஸ்டிக் கதிரை.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன்.
நனைந்தது இரண்டரை மீற்றர்.
வாயின் விட்டம் ஒன்று தசம் இரண்டு.
பை, ஆரையின் வர்க்கம், ஆழம்:
இரண்டாயிரத்து எண்ணூற்று இருபத்தேழு லீற்றர்.
"அவ்வளவோ?" என்றா.
வாளியைத் தவிர வேறெதாலும்
அவ அந்தக் கிணற்றை அளந்ததில்லை.

லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம்.
ஆகவே நூற்று நாற்பத்தொரு கிராம் குளோரின்.
பீப்பாயில் முப்பது வீதம் என்றிருக்கிறது;
எழுதியதை நம்பினால்
நானூற்று எழுபத்தொரு கிராம் தூள் போதும்.
ஆனால் திருகோணமலைக் களஞ்சியத்தில்
ஒரு முழுக் கோடையை
மூடி தளர்ந்தபடி கழித்த பீப்பாய் அது.
திறந்தால் மூக்கில் காரம் ஏறவில்லை.
முதல்நாள் இரவே தயோசல்பேற்றோடு வைத்துப் பார்த்தேன்.
பத்தொன்பது.
மிச்சம் காற்றோடு போய்விட்டது,
லேபல் மட்டும் முப்பதிலேயே நிற்கிறது.
எழுநூற்று நாற்பத்து நான்கு நிறுத்துக்
குழைத்து, வண்டல் படியவிட்டு,
தெளிந்ததை ஊற்றினேன்.
"விடியும்வரை தொடாதேங்கோ."

விடிந்தது.
குழாயில் மொண்டு மாத்திரையை நசுக்கிப் போட்டேன்.
இளஞ்சிவப்பு வரவேண்டும்.
வரவில்லை.
மிகைத்தாலும் நிறம் வெளுத்துப்போகும்,
பத்து மடங்கு ஐதாக்கிப் பார்த்தேன்.
அப்போதும் இல்லை.
தசமத்தானம் சரி. பையும் சரி.

"உள்ளுக்கு ஏதோ அதைத் தின்னுது" என்றேன்.
"இலை, சேறு, செத்தது ஏதும்,
இல்லாட்டி இரும்பு."
கடைசிச் சொல்லில்
கதவு நிலையிலிருந்து கையை எடுத்தா.

இடம்பெயர்ந்த அன்று
தையல் மெஷின் தலையை
உரப்பையில் சுற்றி இறக்கினவர் குணசிங்கம்.
வந்து எடுப்பம் எண்டவர்.
வந்தது அவவும் இரண்டு பிள்ளைகளும்.
பிறகு பதினெட்டு வருஷம்
அந்தத் தண்ணியில்தான் சோறு.

புத்தகத்தில் இதற்குப் பெயர் குளோரின் தேவை:
கொடுத்ததில் எஞ்சியதைக் கழித்தால் வருவது.
ஐம்பது சய பூச்சியம்.
அதில் சேற்றுக்கு எவ்வளவு
மெஷினுக்கு எவ்வளவு என்று பிரிக்க
என்னிடம் முறை இல்லை.

பக்கத்து வளவுக் கோணேஸ்
பாதாளக்கரண்டியோடு வந்தார்.
மூன்றாம் வீச்சில் கொளுவியது.
உரப்பை நார்நாராய்ப் பிய்ந்து விழ
மேலே வந்தது ஒரு செந்நிறக் கட்டி.
அவ சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினா.
கால் சுற்று அசைந்து நின்றுவிட்டது.
"பொபின் உள்ளுக்கு இருக்கும்,
வெள்ளை நூல்,
மகளின்ர பள்ளிக்கூடச் சட்டைக்குக் கோத்தது."
நானும் கோணேசும்
கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம்.
கணக்குப்படி
நீர் நாலு மில்லிமீற்றர் இறங்கியிருக்க வேண்டும்.
கயிற்றில் அது தெரியாது.

இறைத்தோம், மூன்று மணித்தியாலம்.
இரவுக்குள் ஊறியது ஒன்றரை மீற்றர்.
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றாறு லீற்றர்,
நானூற்று நாற்பத்தாறு கிராம்.
டோர்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு நிறுத்தேன்.

மறுநாள் குழாயில் நிறம் வந்தது,
கொய்யாப்பழத்தின் உட்பக்கம்போல.
அவ வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தா.
"இதுவோ நல்ல தண்ணி?"
"இன்னும் ஒருக்கா இறைக்கவேணும்,
மணம் போகட்டும்."

படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டம் சிறியது.
இரும்பு அகற்றப்பட்டது, என்று எழுதினேன்.
மெஷின் வெயிலில், முருங்கைக்குக் கீழே,
ஒரு சாக்கின் மேல் இருந்தது.

பதினெட்டாவது கிணறு கோணேசுடையது.
கயிறு இன்னும் காயவில்லை.