மைனஸ் பதினெட்டில் ஒத்திகை

மூன்று மணிக்கொருமுறை
வெப்பமானிக் கூட்டைத் திறந்து
எண்ணைப் பார்த்து எழுதுவது என் வேலை.
பதினாறு வருஷத்தில்
பத்தொன்பதுக்குக் கீழே
நான் எழுதியதில்லை.

கடிதம் வந்தது.
உலான்பத்தார். ஜனவரி. இருபத்தாறு நாள் பயிற்சி.
அடியில் சின்ன எழுத்தில்:
மைனஸ் முப்பதுவரை இறங்கலாம்,
தக்க உடை கொண்டுவரவும்.

தக்க உடைக்கு மத்திய வீதியில்
ஏழு கடை ஏறினேன்.
"நுவரெலியா ட்ரிப்போ மிஸ்?"
என்றவன் எடுத்துப் போட்டது
கைக்குழந்தைத் தொப்பி.
வாசலில் மானொன்று
அவனுடைய மட்டைப்பெட்டியை மென்றபடி
என்னைப் பார்த்தது.

அண்ணன் மகன் அட்லஸை விரித்தான்.
"அத்தை, இந்த நாட்டிலை ஒரு பக்கமும் நீலமில்லை."
விரலால் எல்லையைச் சுற்றி வந்தேன்.
உண்மைதான்.
கடற்காற்று, தரைக்காற்று என்று
இரண்டாய்ப் பிரித்தே பழகியவள் நான்.
அங்கே காற்று
எங்கே திரும்பிப் போகும்?

சொல்லும் போதவில்லை.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு;
வாளி வாளியாய்த் தலையில் ஊற்றி
வித்தியாசம் சொல்கிற ஊர்.
வெக்கை, புழுக்கம், காங்கை, அனல்
எல்லாம் வைத்திருக்கிறோம்.
குளிருக்குக் குளிர்.
மிஞ்சினால் கூதல்.

கோட்டு, சௌதாமினி தந்தது.
வின்னிபெக்கிலிருந்து ஏன் திரும்பி வந்தாளென்று
ஒழுங்கைக்குள் நாலு கதை.
நான் கேட்டதில்லை.
பைக்குள் ஒரு பஸ் டிக்கெட்,
உருகி ஒட்டிய இனிப்பு,
இடக் கையுறை.
"மற்றது?"
"பனிக்குள்ளை விழுந்து துலைஞ்சிட்டுது."
பிறகு, படலையைச் சாத்திக்கொண்டே,
"முதல் காதைத்தான் பிடிக்கும். காதை மூடு.
அழுகிறதெண்டால் வீட்டுக்குள்ளை இருந்து அழு.
வெளியிலை இமை ஒட்டும்."

லீவு நாளொன்றில் கொட்பேக்குப் போனேன்.
மீன் ஐஸ் அறைக்குப் பொறுப்பு நிஹ்மத்.
விஷயத்தைச் சொன்னதும்
சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
"மைனஸ் பதினெட்டுத்தான் எங்களிட்டை இருக்கு.
மிச்சப் பன்னிரண்டையும் அங்கை போய் எடுங்கோ.
தட்டினால் திறப்பன்."

கதவு மூடியது.
இரண்டு பக்கமும் சூரை மீன்கள்,
கண் திறந்தபடி, அடுக்கடுக்காய்.
என் மூச்சை
முதன்முதலாய்க் கண்ணால் பார்த்தேன்.
அது என்னைவிட்டுப் போகத் தயங்கியது.

போனில் கேட்டுப் பழகிய வணக்கத்தை
சூரைகளுக்குச் சொன்னேன்:
ஸைன் பைன ஊ.
பதிலில்லை. உச்சரிப்புப் பிழையாக இருக்கலாம்.
நன்றிக்கான சொல்லைத் தேடினேன்,
பயர்... பயர்ல...
தாடை விறைத்துச் சொல் பாதியில் நின்றது.
இந்த மொழியை இந்தக் குளிருக்குள்
எப்படிப் பேசுகிறார்கள்?

ஐந்தரை ஆகியிருக்க வேண்டும்.
பழக்கத்தில் கை புத்தகத்தைத் தேடியது.
மைனஸ் பதினெட்டு. காற்று இல்லை.
முகில்: என்னுடையது, ஒன்று.
அதற்குமேல் பேனை எழுதவில்லை.
தட்டினேன்.

"பதினொரு நிமிஷம்" என்றார் நிஹ்மத்,
பிளேன்ரீயை நீட்டியபடி.
வலக் கை கோப்பையைப் பிடிக்க மறுத்தது.
இடக் கைக்கு ஒன்றுமில்லை.

ஐந்து நாளாகக் கொடியில் தொங்குகிறது கோட்டு.
மூன்று தரம் தோய்த்தும் சூரை போகவில்லை.
மாரி. ஈரப்பதன் தொண்ணூற்றிரண்டு.
வான் ஞாயிறு இரவு.
மிளகாய்த்தூளை இரண்டு பையில் கட்டி
அரிசிக்கடைத் தராசில் பெட்டியை ஏற்றினால்
இருபத்து நாலரை.
நெத்தலிக் கருவாட்டை வெளியே எடுத்தேன்,
பாதியைத் திரும்ப வைத்தேன்.

"கோட்டேன் மீன் மணக்குது?"
வேலிக்கு மேலால் சௌதாமினி.
சொன்னேன், சூரைக்கு வணக்கம் வைத்ததையும்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
மழைக்குள்ளேயே நின்று சிரித்தாள்.

விடிய, என் படலைக் கம்பியில்
செருகியிருந்தது வலக் கையுறை.
துலைந்ததென்றது.
ஒருநாளும் போடாததுபோல
மடிப்புக் கலையாமல்.

நான் கேட்கவில்லை.
இரண்டையும் போட்டுக்கொண்டு
எட்டரை மணி எண்ணைப் பார்க்கப் போனேன்.
இருபத்தாறு தசம் நாலு.
பேனையைப் பிடிக்கத்தான்
கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.