டக்

சாவியைத் திருப்பினால்
ஒரு டக்.
அவ்வளவுதான்.

சித்ரா துறையில் மணி மூன்றரை.
வற்றம் தொடங்கியாயிற்று.
பக்கத்துப் படகு ஏற்கெனவே
ஒருக்களித்துச் சேற்றில் படுத்துவிட்டது.
எங்களுக்கு இன்னும் அரை மணி இருக்கலாம்.

மொஃபிஸ் சிவப்புக் கிளிப்பை உருவி மறுபடி மாட்டுகிறான்.
அது பொறியைத்தான் நிறுத்தும் தம்பி,
சுற்றுவதை அல்ல.
கியரை ஆட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவருகிறான்.
அதுவும் இல்லை.
பியூஸ் போயிருந்தால் இந்த டக்கே வராது.
கயிற்றைச் சுற்றி இழுக்கலாமென்றால்
அது நோன்பு மாதத்திலேயே அறுந்தது.
வாங்கித் தருகிறேன் என்றார் அபு ஈசா.

எழுபத்தைந்து குதிரை, இரண்டு ஸ்ட்ரோக்.
நான் பூத்துறையில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட வருஷம்
செய்த எஞ்சின்.
மூடியைக் கழற்றினால்
உப்பும் கிரீசும் வெந்த வாசனை.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மீட்டரை வைக்கிறேன்.
பேட்டரி: பன்னிரண்டு புள்ளி ஆறு.
சாவி. டக்.
பன்னிரண்டு புள்ளி நாலு.
இறங்கவே இல்லை.
வேலை செய்கிற பேட்டரி மூச்சு வாங்கும், எண் சரியும்.
இது மூச்சே வாங்கவில்லை.

சிவப்புக் கம்பி வழி முழுக்கத் தொட்டுப் பார்த்தேன்.
ஸ்டார்ட்டர் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது.
அப்படியானால் திரும்பிப் போகிற வழி.

ஃபைபர் படகு, கீழே தண்ணீர்.
இதற்கு ஏது எர்த்து?
எஞ்சின் உடம்புதான் எர்த்து.
ஒரு முள்ளைப் பேட்டரியின் கறுப்புக் காதில்,
இன்னொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்தில் வைத்து
மொஃபிஸ், திருப்பு.

பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில்
ஏழு.

கம்பி வெளியே வழவழவென்று புதுசு மாதிரி.
கத்தியால் உறையைக் கீறினேன்.
உள்ளே செம்பு இல்லை,
பச்சை மாவு.
பாக்கி நாலு இழை.

நாலு இழை போதும்,
விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும்,
எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும்.
பெரிதாக ஒன்றைக் கேட்கும்போதுதான்
டக்.

எங்கேயோ பார்த்த கோளாறு.

அபு ஈசா ரீசார்ஜுக்குக் கேட்டால் தருவார்.
அரிசி, சிகரெட், காய்ச்சல் மாத்திரை,
முகம் சுளிக்கமாட்டார்.
நாலு மாதச் சம்பளம் என்றால்
பாச்சர் என்பார்.
நாளைக்கு.
மறுநாள் போய் நின்றாலும் அதே பாச்சர்தான்.

அவர் கார் டிக்கியில் ஜம்பர் கம்பி கிடந்தது.
தூங்குகிறவரை எழுப்பவில்லை.
கறுப்பை மட்டும் எடுத்து வந்து
பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கவ்வவிட்டேன்.

படகின் அடி தரையைத் தடவியது.
மொஃபிஸ் பிஸ்மில்லா சொன்னான்,
நான் சிலுவை போட்டுக்கொண்டேன்,
யாருக்குக் கேட்டதோ.
இரண்டு புரளல்,
ஒரு இருமல்,
பிறகு நீலப் புகை
துறை முழுக்க.

அன்றைக்கு நாற்பது கிலோ சாஃபி.
விலை கட்டிய பிறகு அபு ஈசா கேட்டார்,
என் கறுப்புக் கம்பி எங்கே?

மீட்டர் என் சட்டைப்பையில்தான் இருந்தது.
பாச்சர் என்றேன்.