வெள்ளைப் பொருக்கு

ராம்நாடு ஆஸ்பத்திரியில்
இரண்டையும் எடுத்து
டப்பியில் போட்டுக் காட்டினார்கள்.
சிப்பிக்குள் கிடக்கும் சதை மாதிரி இருந்தது.
இதுக்கா மூணு வருசக் காய்ச்சல் என்றேன்.
நர்ஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தாள் பியாட்ரிஸ்.
குச்சி ஐஸ் இரண்டு.
பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும்
சன்னலில் முகம் வைத்துக் கப்பல் தேடினாள்.
அவ்வளவுதான், முடிஞ்சுது என்றாள்
பக்கத்து வீட்டு இன்னாசியம்மா.

ஐந்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தொண்டையின் இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்.
சீழ் என்று பதறிப் போன் போட்டால்
"பொருக்கும்மா அது.
வாய்க்குள்ள எப்பவும் ஈரம்,
அதான் கறுக்காம வெளுத்திருக்கு.
கைய வச்சிராதீங்க."

பாசி எடுக்கிறவளுக்குத் தெரியாததா.
நாலு மணி நேரம் கடலில் ஊறினால்
பாறை கிழித்த விரலும் இப்படித்தான் வெளுக்கும்.
ஆனால் என் விரலை
மடக்காமல் வைத்துக்கொள்ளலாம்.
எச்சில் விழுங்காமல்
எத்தனை நேரம் இருப்பாள் அவள்?

வெட்டியது தொண்டையில்,
வலிப்பது காதில் என்கிறாள்.
என்கிறாள் இல்லை, தொட்டுக் காட்டுகிறாள்.
பேச்சு நின்று நாலு நாள்.
தட்டில் கரண்டியால் ஒரு தட்டு: வேண்டாம்.
இரண்டு தட்டு: போ.

ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம்,
மருந்து, ஒரு மடக்குத் தண்ணீர்.
குடிச்சாத்தான் ஆறும் தாயி.
வாய் திறந்தால் வலிக்குமென்று
மூக்காலேயே அழப் பழகிவிட்டது பிள்ளை.

அமாவாசை வத்தம்.
சின்னப்பாலத்துப் பெண்கள் எல்லாரும்
முகக்கண்ணாடியும் சாக்குமாய்ப் போட்டில் போகிறார்கள்.
என் பங்குக் காசு அந்தத் தண்ணீருக்குள் கிடக்கிறது.

ஏழாம் நாள் பொருக்கு உதிர்ந்தது.
ஆறிவிட்டது என்று நினைத்தேன்.
அன்றைக்குத்தான் அதிகம் துடித்தாள்.
இதை யாரும் சொல்லி அனுப்பவில்லை.
ரத்தம் வந்தால் உடனே வாங்க என்றது மட்டும்
காதிலேயே நின்றது.
விடியும்வரை தலையணையை
டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன்.
இந்நேரத்துக்கு ஆட்டோ கிடைத்தாலும்
பாலம் தாண்டி ஒரு மணி நேரம்.

எச்சில் கறைதான். வெறும் எச்சில்.

கடல்பாசி காய்ச்சி, சீனி போட்டு,
ஆறவைத்து, துண்டு போட்டேன்.
முதல் துண்டைத் துப்பினாள்.
இரண்டாவதும் கீழேதான்.
மூன்றாவதை வாயிலேயே வைத்திருந்தாள்.
எப்போது இறங்கியதென்று தெரியாது.

பத்தாம் நாள் சாயங்காலம்
டார்ச்சைப் பிடுங்கி
என் விரல்களில் அடித்தாள்.
கடல் படாத பத்து நாளில்
எல்லாக் கீறலும் காய்ந்து கிடந்தன.

யாரோ வேற்றுப் பிள்ளையின் குரல் போல,
மெல்லிசாய், மூக்கில் வராமல்:
"ஒனக்கு மட்டும்
ஏன்மா கறுப்பா இருக்கு?"